ஜி சுரத்தில் இரைந்த ஆம்ப்

வில்லிவாக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். கலைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பத்து பேர் வாசித்த மேடையில் இப்போது ஒரு கீபோர்டு, ஒரு பேடு, ஒரு லேப்டாப், இரண்டு பாடகர்கள். மீதிச் சாமானெல்லாம் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதில் ஒரு பேஸ் ஆம்ப், அதாவது பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. பத்து இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, பின்னால் 150 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. முகப்பில் பெயர்த்தகடு விழுந்து பசைத் தடம் மட்டும் மிச்சம். குழுவை நடத்திய அண்ணன் 8,000 என்றார், 6,500-க்கு முடிந்தது.

"வேலை செய்யுதாண்ணே?"

"சவுண்டு வரும் தம்பி. கூடவே கொஞ்சம் இரையும். பழசுன்னா அப்படித்தான்."

நான் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிப்பேன், முகூர்த்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் கல்யாணக் கச்சேரிக்குப் போவேன். அதுவரை எனக்கென்று ஆம்ப் இருந்ததில்லை. மிக்ஸரில் நேராகச் செருகிவிட்டு, மேடை மானிட்டரில் (வாசிக்கிறவர்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர்) என்ன கேட்கிறதோ அதை வைத்துச் சமாளிப்பேன். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. "பேஸ் பத்தலைண்ணே" என்பேன். சவுண்ட்காரர் தலையாட்டிவிட்டு ஏதோ ஒரு குமிழைத் தொடுவார். அது என்னுடைய சேனல்தானா என்பது அவருக்கே வெளிச்சம்.

இரண்டாவது மாடிக்கு அந்த ஆம்பைத் தூக்கி வந்து செருகியதும், அண்ணன் சொன்ன "கொஞ்சம்" எவ்வளவு என்று தெரிந்தது. வால்யூமை முழுக்க இறக்கினாலும் ம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "மாவு மில்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா விளையாட்டுக்குப் போனில் இருக்கும், என்ன சுரம் என்று காட்டும் ட்யூனரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஜி என்று காட்டியது. சுத்தமான ஜி இல்லை, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேலே. என் பேஸில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியை விரல் வைத்து அழுத்தாமல் தட்டினால் அதே ஜி. அது 98 ஹெர்ட்ஸ். ஆம்ப் இரைந்தது 100 ஹெர்ட்ஸில்.

இது தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறு, கேபிள் கோளாறு என்றால் பெரும்பாலும் அந்த 50-தான் கேட்கும். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரும் கீழ் ஜிக்குக் கொஞ்சம் மேலே. ஆம்புக்குள், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது அலையின் கீழ்ப்பாதியும் மேலே மடங்கி 50 என்பது 100 ஆகிவிடுகிறது. அந்த மேடு பள்ளத்தை நிரவி நேராக்குவது ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் வேலை. அவை காய்ந்துபோனால் மேடு பள்ளம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். வால்யூமை இறக்கினாலும் இரைச்சல் குறையாததற்கும் அதுதான் காரணம். வால்யூம் குமிழுக்குப் பிறகு வந்து சேருகிற சத்தம் அது.

கழற்றிப் பார்த்தால், சின்ன டம்ளர் அளவில் இரண்டு கெப்பாசிட்டர், இரண்டுக்கும் தலை உப்பியிருந்தது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் 4,700 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், 105 டிகிரி தாங்குவது என்று கேட்டு வாங்கினேன். இரண்டும் சேர்த்து 180 ரூபாய். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். நான் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரண்டு காலிலும் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தேன். என்னுடையது டிரான்சிஸ்டர் ஆம்ப், உள்ளே சுமார் 40 வோல்ட்தான். வால்வ் ஆம்ப் என்றால் 400, 500 வோல்ட் நிற்கும். அதைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை, வரவும் வேண்டாம்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை யாரோ இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். மெல்லிசை மேடைகளில் இது சகஜம். ஜெனரேட்டர், ஈரத்தரை, இரும்பு மேடை. கம்பியில் கை, மைக்கில் உதடு. சுள்ளென்று ஒரு இழு இழுத்தால் எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். சிரிக்கிற விஷயமே இல்லை அது. இரைச்சல் வேண்டாமென்றால் பேஸை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். சுவரில் போகும் எர்த்தைத் தொடக்கூடாது. அன்றைக்கே புது வயரும் பிளக்கும் மாற்றினேன்.

இரைச்சல் போய்விட்டது. போன பிறகுதான் ஒரு ஸ்பீக்கர் அழுவது கேட்டது. மாவு மில் ஓடுகிற வரை அது தெரியவில்லை. கோனில், அதாவது ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பில், விரல் நீளத்துக்குக் கிழிசல். வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். முன்னால் இருந்த வலையைக் கழற்றச் சோம்பல். அதைக் கழற்றினால் கோனை நான்கு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே அழுத்தியும் பார்க்கலாம். கரகரவென்று உரசினால், கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளான காயில் போய்விட்டது என்று அர்த்தம்.

கோன் மாற்றுகிற கடையில் கொடுத்து 900 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். புதுக் கோன் பளபளவென்று இருந்தது. மாட்டி வாசித்தால், இருந்த பேஸும் காணோம்! தகர டப்பாவில் தட்டுவதுபோல டொங் டொங் என்கிறது. பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினேன். டொங் டொங் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். ஆம்ப் போர்டிலேயே எதையோ கெடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது நாள், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று புது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து வாசித்தேன். பேஸ் வந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கரில் வருகிறது, இரண்டில் வரவில்லை. (இரண்டும் எட்டு ஓம், இணையாக இணைத்தவை. ஒன்றைக் கழற்றினால் ஆம்புக்கு நாலு ஓமுக்குப் பதில் எட்டு ஓம் சுமை, அதனால் ஆபத்தில்லை.)

ரிச்சி தெருவில் நான் வழக்கமாகப் போகிற ஆம்ப் பாயிடம் போனில் சொன்னேன். முழுவதும் கேட்கக்கூட இல்லை. "ஒன்பது வோல்ட் பேட்டரி இருக்கா? பிளஸ்ஸைப் பிளஸ்ல, மைனஸை மைனஸ்ல ஒரு செகண்டு தொடு. கோன் எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு" என்றார். பழைய ஸ்பீக்கரில் தொட்டேன். டப் என்று கோன் வெளியே வந்தது. புதியதில் தொட்டேன். டப், உள்ளே போனது. கோன் மாற்றியவர் காயில் வயரைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று அதே காற்றை இழுத்துக்கொள்கிறது. கீழ் சுரங்கள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வயரை மாற்றிச் செருக இரண்டு நிமிஷம். ஈ கம்பியைத் தட்டினேன், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னபோது, "அப்படியெல்லாம் ஆகாதே" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ஆம்பைச் சரிசெய்த கையோடு பேஸையும் பிரித்தேன். என்னுடையது பிரிசிஷன் மாதிரியில் செய்த கொரிய பேஸ், பதினோரு வருஷத்துக்கு முன் பழையதாக வாங்கியது. லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, பெரிய டபுள் பேஸில் ஃப்ரெட் இல்லாமல் தடவித் தேடிய சுரத்தை இதில் ஃப்ரெட் வைத்துத் துல்லியமாகப் பிடிக்கலாம் என்பதற்காகத்தான் அந்தப் பெயரே. என் பிரிசிஷனில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் சுரம் ஏறிக்கொண்டே போகும். கம்பிகள் முடியும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சேடில்களின் திருகுகள் துருப்பிடித்து அசையாமல் இருந்தன. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, சேடிலைப் பின்னால் தள்ளி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாகும் வரை திருகினேன். பதினோரு வருஷமாக என் காதில் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

கழுத்தும் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். என்னுடையதில் மூன்று கார்டு நுழைந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி கால் சுற்று. இதில் அவசரம் ஆகாது. ஐப்பசி மழைக்கு ஒருமுறை, சித்திரை வெயிலுக்கு ஒருமுறை எப்படியும் அது கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

கம்பி விஷயத்தில் நான் கஞ்சன். ஒரு செட் பேஸ் கம்பி வாங்கும் காசுக்கு மூன்று செட் கிட்டார் கம்பி வாங்கலாம். அதனால் பழைய கம்பியைக் கொதிக்க வைப்பேன். கேலி இல்லை, பேஸ் வாசிக்கிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற வேலை. சுருளுக்குள் புகுந்த வியர்வை அழுக்கெல்லாம் பத்து நிமிஷக் கொதியில் மேலே வந்து மிதக்கும். துடைத்து நன்றாகக் காயவைத்து மாட்டினால் பழைய கணீர் திரும்பும், இரண்டு மூன்று கச்சேரிக்கு. நான் எடுத்தது சாம்பார் வைக்கிற பாத்திரம் என்பதால் வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவாராம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் வீட்லயும் என் சாம்பார் சட்டியிலயா வேகவச்சார்?" என்றாள்.

இவ்வளவும் ஆன பிறகு முதல் கச்சேரி, கொளத்தூரில் ஒரு வரவேற்பு. வீட்டில் அருமையாகக் கேட்ட அமைப்பை அப்படியே கொண்டுபோனேன்: பேஸ் தூக்கல், ட்ரெபிள் தூக்கல், இரண்டுக்கும் நடுவிலான மிட் பள்ளம். டிரம்ஸும் கீபோர்டும் ஆரம்பித்ததும் நான் காணாமல் போனேன். மேடைப் பலகை கும்மென்று அதிர்கிறது, என்ன சுரம் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இடைவேளையில் கீபோர்டு அண்ணன் வந்து, ஒன்றும் சொல்லாமல் பேஸைப் பாதிக்கு இறக்கி, மிட்டை ஏற்றி, ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். தனியாகத் தட்டினால் மூக்கடைத்தவன் பேசுவதுபோல இருந்தது. பாட்டு தொடங்கியதும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

யோசித்துப் பார்த்தால் இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயசில் டீக்கடை ரேடியோவில் இளையராஜா பாட்டு கேட்டுத்தான் எனக்கு பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்தது. பாடகர் ஒரு பாட்டுப் பாட, அடியில் பேஸ் தனியாக வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அந்த ரேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அதில் எந்தக் காலத்திலும் வந்திருக்காது. வந்ததெல்லாம் அதற்கு மேலே இருக்கும் 82, 123, 164 என்ற மடங்குகள்தான். அடிச்சுரம் இல்லாமலே அந்த மடங்குகளை வைத்துக் காது அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. நான் அப்போது கேட்ட பேஸ் அத்தனையும் மிட்டில் இருந்தது. இத்தனை வருஷமாகச் சவுண்ட்காரரிடம் நான் கேட்டது தவறான குமிழ்.

புதிதாக வாங்கப்போகிற தம்பிகள் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபல் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா, தூக்க முடிகிறதா என்று பாருங்கள். இப்போது இரண்டு கிலோ எடையில், ஸ்பீக்கர் இல்லாத கிளாஸ்-டி ஆம்ப் தலைகள் வருகின்றன. இடுப்பு வலிக்கிற ராத்திரிகளில் எனக்கும் அந்த ஆசை வருவதுண்டு. கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகி வாசிக்கலாமா என்றால், படுக்கையறையில் மெதுவாக வாசிக்கலாம். சத்தம் ஏற்றினால் கோன் கிழியும்.

ஆம்புக்கு 6,500, கோன் 900, கெப்பாசிட்டர் 180, குமிழ்களின் கரகரப்புக்கு அடித்த கான்டாக்ட் கிளீனர் 350, வயரும் பிளக்கும் 250. மொத்தம் 8,180. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எழுதி வைத்திருக்கிறேன். ட்ரெபிள் குமிழ் மட்டும் இன்னும் கரகரக்கிறது. அதை நான் தொடுவதில்லை என்பதால் அது அப்படியே இருக்கட்டும்.

இனி மேலுறை. பழையது உரிந்து பிளைவுட் தெரிகிறது. ஆட்டோ சீட் தைக்கிற கடையில் ரெக்ஸின் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதுவே இதற்குப் போதும். மகள் சிவப்பு வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று சாயங்காலம் கறுப்பில் இரண்டு மீட்டர் வாங்கி வந்து பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.