ஆளணிப் பட்டியலில் இருந்த கணித ஆசிரியர்

மகளின் கணிதக் கொப்பியைத் தற்செயலாகத்தான் திறந்து பார்த்தேன். தரம் 9. முக்கோணி பற்றிய பாடம் பாதியில் நின்றது. இரண்டு பக்கங்களைக் கீறிவிட்டு மூன்றாவதைக் கீறாமலே விட்டிருந்தாள். அதற்குப் பிறகு வெறும் தாள்தான். திகதியைப் பார்த்தேன், ஏழு கிழமைக்கு முந்தியது. கேட்டதற்கு, "கணித ரீச்சர் இல்லை அம்மா. அந்தப் பாடவேளையில சும்மா இருப்பம்" என்றாள். அவளுக்கு அது பழகிப் போயிருந்தது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

திருகோணமலை நகரத்துக்குள் இருக்கும் சிறிய மாகாணப் பாடசாலை அது. பெயர் வேண்டாம். நகரத்தின் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகள், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். டவுன் பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர் நிறைய இருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கல்வி அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள்: "டவுனில ஆள் கூட, வெளியிலதான் பற்றாக்குறை." தலையை எண்ணினால் அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் மேலதிகமாக இருக்கும் சமூகக்கல்வி ஆசிரியரைக் கொண்டு தரம் 9க்குக் கணிதம் படிப்பிக்க முடியாது.

முதலில் நாங்கள் செய்தது பிழையான வேலை என்றே இப்போது நினைக்கிறேன். பெற்றோர் சேர்ந்து காசு போட்டு, வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பட்டதாரிப் பிள்ளையைக் கணிதம் படிப்பிக்க வைத்தோம். இரண்டு மாதம் நடந்தது. மூன்றாம் மாதம் வாடைக்காற்றுக் காலம், கடலுக்குப் போக முடியாத வீடுகளில் காசு இல்லை. காசு கட்டாத ஒரு தாய், வெட்கத்தில் பிள்ளையை அந்த நாட்களில் பள்ளிக்கூடம் அனுப்பாமலே விட்டுவிட்டாள். இலவசக் கல்வி வந்தது 1945 இல். அதை நாங்களே எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தோம். அத்தோடு நிறுத்தினோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூலம் இரண்டு கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? தேசிய பாடசாலை என்றால் கொழும்பு அமைச்சு. எங்களுடையது மாகாணத்துக்குக் கீழே. கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, அதனால் பிடித்துக் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினரும் இல்லை. அப்போதுதான் சங்கத்தில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், "தகவல் கேளுங்கோ தங்கச்சி, முறைப்பாடு செய்யாதேங்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வழியைத் திறந்தது. முறைப்பாட்டைக் கோவைக்குள் போட்டுவிட்டு இருக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியே ஆகவேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் ஆசிரியர் இல்லை?" என்று எழுதினால் விளக்கம்தான் வரும். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் கிடைக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தப் பாடசாலைக்குப் பாடவாரியாக அனுமதிக்கப்பட்ட ஆளணி, அதாவது ஆசிரியர் இடங்கள், எத்தனை, இந்தப் பாடசாலையின் பெயரில் சம்பளம் பெறுவோர் எத்தனை, இன்று இங்கே கடமையில் இருப்போர் எத்தனை, பெயர் இங்கே இருக்க வேலைக்கு மட்டும் வேறு இடத்துக்கு இணைக்கப்பட்டோர் எத்தனை, எந்தத் திகதியில் இருந்து. எல்லாம் எண்ணும் திகதியும் மட்டும்.

கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கருமபீடத்தில் இருந்தவர் வாங்கவில்லை. "அதிபர் மூலமா வரவேணும் அம்மா." பிரஜை யாரும் நேரடியாகத் தரலாம் என்று சொன்னேன், குரல் நடுங்கியது. "அப்ப திங்கக்கிழமை வாங்கோ." தகவல் அலுவலர் யார், அவரிடமே கொடுக்கிறேன் என்று கதிரையில் இருந்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நம் ஊர் மான்கள் நான்கைந்து படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் ஓர் உத்தியோகத்தர் வந்து வாங்கி, முத்திரை குத்தி, ஏற்றுக்கொண்டதற்கான படிவத்தைத் தந்தார். அந்தப் படிவத்தை வாங்காமல் யாரும் திரும்பி வரக்கூடாது. நாள் எண்ணத் தொடங்குவது அதில் இருந்துதான்.

மற்றத் தாய்மாருக்குப் பயம் இருந்தது. பிள்ளையில் பழிவாங்குவார்களோ என்று. எனக்கும் இருந்தது. அதிபர் கூப்பிட்டபோது ஏச்சு விழப்போகிறது என்று போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நான் எழுதினா எனக்கு மேல இருக்கிறவங்களோட சண்டை பிடிக்கிற மாதிரி. நீங்க கேக்கலாம்" என்றார். அந்த மனிசனும் எத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு இருந்தாரோ.

பதில் ஒரே தாளில் வந்தது. கணிதம்: அனுமதிக்கப்பட்ட ஆளணி 3, சம்பளப் பட்டியலில் 3, கடமையில் 1, வேறு இடத்துக்குத் தற்காலிக இணைப்பு 2. தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த திகதிகளில் ஒன்று நான்கு வருடம் பழையது. அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளின் கணித ஆசிரியர்கள் பட்டியலில் முழுதாக இருக்கிறார்கள். பட்டியல் நிரம்பியிருப்பதால் புதியவர் நியமிக்கப்படமாட்டார். இருக்கும் ஒருவர் சாதாரண தரப் பரீட்சைக்காக 10, 11 ஐப் பார்த்துக்கொள்ள, தரம் 9 சும்மா இருந்தது.

அந்தத் தாளின் பிரதியை இணைத்து, சங்கத்தின் தீர்மானத்தோடு, "இணைப்பை நீக்குங்கள், இல்லையென்றால் பதில் ஆள் தாருங்கள்" என்று ஒரே ஒரு கோரிக்கை எழுதினோம். மாகாணக் கல்விச் செயலாளருக்கும் பிரதி போனது. இந்த முறை கூப்பிட்டுக் கதைத்தார்கள். அடுத்த தவணை தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு கணித ஆசிரியை திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை.

விஞ்ஞானத்துக்கும் இதே கேள்விகளைக் கேட்டோம். அதற்கு முழுப் பதில் தரவில்லை. 14 நாளுக்குள் மேன்முறையீடு கொடுத்திருக்கிறோம். மூன்று கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும், இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருகிற வியாழனோடு அந்த மூன்று கிழமை முடிகிறது. அன்று காலை நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் போகிறோம். அதில் ஒருத்தி, முன்பு வெட்கத்தில் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவள்.