கிங்ஸ் பார்க் குறிப்புகள், 2023

அக்டோபர் 1, ஞாயிறு
இந்த நாட்டைவிட்டு ஊருக்குப் போய்வர வேண்டிய பேப்பர் வரவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்
இன்றும் நியூயார்க் பக்கம் இருக்கும் இந்தக் கிங்ஸ் பார்க் பழைய மனநல மருத்துவமனைக்குத்தான் போனேன். ஆற்றோரப் பூங்காவில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடந்தால் 93-ஆம் கட்டடம் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கிறது. 13 மாடி. 1939-இல் கட்டி முடித்தது, 1996-இல் மருத்துவமனையையே மூடிவிட்டார்கள், மிச்சமிருந்த நோயாளிகளை பிரென்ட்வுட்டில் இருக்கும் பில்கிரிம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது மாடியில் கணக்கு விட்டுப்போனது. அக்கா நம் ஊரில் இப்படி ஒரு மருத்துவமனையில்தான் இருக்கிறாள்; அவள் வார்டு ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, கம்பி மட்டும்தான், மழை வந்தால் சாரல் கட்டில்வரை வரும் என்பாள்.

அக்டோபர் 4, புதன்
தூக்கமில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு
காலை ஏழரைக்கு அக்காவிடம் பேசினேன், அங்கே மாலை ஐந்து. சிஸ்டர் போனை அவள் கையில் கொடுத்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" அடுத்தது, "எப்ப வர்றே?" பேப்பர் வந்ததும் வந்துவிடுவேன் அக்கா என்றேன். "பேப்பர்ல போட்டுட்டாங்களா?" என்றாள். என்ன பேப்பர், ஏன் அது இல்லாமல் இந்த நாட்டைவிட்டு நகர முடியாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. ஆமாம் அக்கா, போடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 12, வியாழன்
பழைய ரயில் தடத்தில் நடந்தேன். இப்போது அது சைக்கிள் பாதை. ஊர் ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கென்றே தனியாக ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்கள், அதில் நோயாளிகள் வந்தார்கள், கொதிகலனுக்கு நிலக்கரி வந்தது, பார்க்க வரும் சொந்தக்காரர்களும் வந்தார்கள். 1954-இல் உள்ளே இருந்தவர்கள் 9,303 பேர். இந்த எண்ணைப் படித்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது: அதில் எத்தனை பேருக்கு ஆள் வந்திருக்கும்? ரயில் சத்தம் கேட்டதும் தலை வாரிக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா. முதல் வருஷம் எல்லா வாரமும் வந்திருப்பார்கள், அப்புறம் மாசத்துக்கு ஒரு முறை, அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை, தூரம். எனக்குத் தெரியும் அது எப்படிக் குறையும் என்று. நான் கடைசியாக நேரில் போய் நான்கு வருஷம் ஆகிறது.

அக்டோபர் 15, ஞாயிறு
கொலு வைக்கவில்லை. அக்கா இன்று பேசமாட்டேன் என்றுவிட்டாளாம்.

அக்டோபர் 19, வியாழன்
இந்த மருத்துவமனை 1885-இல் பண்ணையாகத்தான் தொடங்கியிருக்கிறது. புரூக்ளினில் மனநோயாளிகளை அடைத்து வைக்க இடமில்லாமல் போனதும், காற்றோட்டமான இடம், தோட்ட வேலை, இதெல்லாம் மனசைக் குணப்படுத்தும் என்று நம்பி இங்கே அழைத்து வந்தார்கள். அவர்களே விதைத்தார்கள், அறுத்தார்கள், அதையே சாப்பிட்டார்கள். அந்த நினைப்பு தப்பில்லை என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது, ஆள் சேரச் சேரத்தான் எல்லாம் கெட்டது. ஐம்பதுகளில் மனநோய்க்குக் குளோர்புரோமசின் என்ற மாத்திரை வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு முதலில் கொடுத்ததும் அதே மாத்திரைதான். நாக்கு வறண்டுபோகும், வெயிலில் நிற்கக் கூடாது, பகலெல்லாம் தூக்கம். மாடியில் வடாம் காயவைக்கப் போனவளை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதட்டினேன்கூட.

அக்டோபர் 24, செவ்வாய்
பையன்கள் நாலு பேர் வேலி ஓரமாகக் கேமராவோடு நின்றார்கள். உள்ளே பேய் இருக்கிறதாம். கட்டடங்களுக்குள் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது, உள்ளே கல்நார் தூசு வேறு. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பேய் என்று சொல்கிறீர்களே, அவர்கள் யாரோ ஒருவருடைய அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நீ அங்கே போவதை நிறுத்து என்றார்.

அக்டோபர் 29, ஞாயிறு
பேசினாள்! கத்தரிக்காய் கூட்டு வைத்தார்களாம், உப்பே இல்லையாம். பதினொரு நிமிஷம்.

நவம்பர் 2, வியாழன்
பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே 15 கட்டடங்களை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்த இடமெல்லாம் இப்போது புல். அதன்மேல் ஒரு அம்மா நாயோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு
குளிர்காலம் வருகிறதென்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். நான் வழக்கம்போல ஏழரைக்கு அடித்தேன். அங்கே ஆறு ஆகிவிட்டது. ஐந்து மணியிலிருந்து போன் பக்கத்திலேயே நின்றாளாம், ஐந்தே முக்காலுக்கு உள்ளே கூட்டிப்போய்விட்டார்களாம். தலை வாரிப் பின்னியிருந்தாளாம், சிஸ்டர் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் மாற்றுகிறார்கள், எனக்குத் தெரியாதா, எப்படி மறந்தேன்.

நவம்பர் 6, திங்கள்
மூன்று தடவை அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றார்கள்.

நவம்பர் 7, செவ்வாய்
தபால்காரர் வந்துபோய்விட்டார், ஒன்றும் இல்லை. இனி ஆறரை. அலாரம் வைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு தீபாவளி, அன்றைக்கு வார்டில் போன் கொடுப்பார்களா என்று யாரிடம் கேட்பது