வேலூர் வெயிலில் ஒரு சோடா கெக்

"கேஸ் எவ்வளவு வைக்கிறீங்க?" எங்கள் வீட்டில் நானே கெக்கில் போடும் சோடாவைக் குடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். அழுத்த மீட்டரில் இருக்கும் எண்ணைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண்ணோடு தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம். மே மாதத்தில் இந்த ஊர் மேல்தொட்டித் தண்ணீர் கையில் பட்டாலே சுடும். அதில் கேஸை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, ஏற்றப் பார்ப்பது வீண் வேலை. முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் சிலிண்டர் பக்கமே போக வேண்டும்.

நான் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். சத்துவாச்சாரியில் கடை. கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை பார்த்தபோது, அங்கே சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடையின் குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கெக் என்கிற எவர்சில்வர் உருளையை அங்கேதான் முதலில் பிரித்துப் பார்த்தேன். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் விரும்பி வாங்குவது அதிலேயே சின்ன வகை ஒன்று. கார்னீலியஸ் கெக் என்று பெயர், கிட்டத்தட்ட 19 லிட்டர் பிடிக்கும். பீருக்காகச் செய்ததில்லை அது. பெப்சி, கோக் கம்பெனிகள் கடைகளுக்குக் குளிர்பானச் சாறு அனுப்பச் செய்தது. பிறகு அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியதும், பழைய கெக்குகள் மலிவு விலைக்கு வந்து வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்குப் போயின.

சோடாவுக்கும் பீருக்கும் உறவு அதைவிடப் பழையது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் பீர்த் தொட்டிக்கு மேலே நிற்கும் காற்றில் தண்ணீரை வைத்துப் பார்த்தபோதுதான் சோடாத் தண்ணீர் கிடைத்தது. நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தரவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கெக்கில் கேஸ் ஏற்றுவது, அதைக் காத்து வைப்பது, கண்ணாடி டம்ளரில் ஒழுங்காக இறக்குவது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். பிரியாணி சாப்பிட்டால் பன்னீர் சோடா கேட்கிற ஊரில் இந்தக் கெக்குக்கு வேலை இல்லாமல் போகுமா?

என் பெரியப்பா குடியாத்தத்தில் கோலி சோடா போட்டவர். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் கண்டுபிடித்த அந்தக் கழுத்து நெரிந்த பாட்டில், உள்ளே ஒரு கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். தண்ணீர் ஊற்றிய பாட்டில்களைச் சட்டத்தில் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். பாட்டில்கள் தலைகீழாகப் போய்ப் போய் வரும். உள்ளே கேஸும் தண்ணீரும் மோதிக் கலக்கும். கடைசியில் கோலி வாய்க்கு வந்து ரப்பரில் உட்கார்ந்ததும் உள்ளே இருக்கும் அழுத்தமே அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். வெயில் நாளில் பாட்டிலில் ஊற்றும் தண்ணீர் அண்டாவில் ஐஸ் கட்டி மிதக்கும். ஐஸுக்கு எதற்குக் காசு என்று நான் கேட்டதற்கு, "சூட்டுத் தண்ணில எத்தினி சுத்து சுத்தினாலும் கேஸ் நிக்காதுடா. வாங்கிக் குடிக்கிறவன் வாயில ஒன்னும் இருக்காது" என்றார். அளவுமானி எதுவும் இல்லாமல் அவர் தெரிந்துவைத்திருந்ததைத்தான் நான் இப்போது மீட்டர் வைத்துச் செய்கிறேன்.

கணக்கு இப்படி. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை லிட்டர் கேஸ் கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள். சாதாரண பீருக்கு இரண்டரை பங்கு போதும். சோடா சுர்ரென்று மூக்குக்கு ஏற வேண்டுமானால் நாலு பங்கு வேண்டும். 4 டிகிரி குளிரில் இரண்டரை பங்குக்கு 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், நாலு பங்குக்கு 30-க்குள் அடங்கிவிடும். அதாவது கார் டயரில் இருக்கும் அளவு. அதே தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் இரண்டரை பங்குக்கே 40 அளவுக்கு வைக்க வேண்டும், நாலு பங்குக்கு 70-ஐ ஒட்டி வைக்க வேண்டும். கெக் அதைத் தாங்கும். டம்ளரில் விழுந்த நொடியில் அந்தக் கேஸ் அத்தனையும் மேலே பறந்துவிடும், அவ்வளவுதான். அழுத்தம் கூடக்கூடக் கரைவது கூடும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த விதி ஒரே வெப்பநிலையில்தான் பொருந்தும் என்ற பாதியை மறந்துவிடுகிறோம்.

சரி, குளிருக்கு என்ன வழி? பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், 190 லிட்டர், கம்ப்ரஸர் நல்லதாக இருந்தால் போதும். தட்டுகளையும் காய்கறி டப்பாவையும் எடுத்துவிட்டால் கெக் நிற்கும். கீழே பின்பக்கம் கம்ப்ரஸர் மேடு இருக்கும், அதனால் முன்பக்கம் ஒரு பலகை போட்டு மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் வெளியே வர ஓட்டை போட வேண்டுமே, அங்கேதான் நிறையப் பேர் ஃப்ரிட்ஜைக் கொன்றுவிடுகிறார்கள். இப்போது வரும் மாடல்கள் பலவற்றில் சூடு வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. டிரில் பட்டால் ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸ் போய்விடும். அதிலும் ஆர்600ஏ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது தீப்பற்றும் கேஸ். அதனால் எப்போதும் கதவில்தான் ஓட்டை போடுவேன். கதவுக்குள் கேஸ் குழாய் எதுவும் ஓடாது.

ஃப்ரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட்டை நம்பாமல், டிஜிட்டல் ஒன்று வெளியே மாட்டி, சென்சரைக் கெக்கின் உடம்போடு ஒட்டி மேலே தெர்மோகோல் துண்டு வைத்துக் கட்டிவிடுங்கள். காற்றைப் பார்த்து ஓடாமல் தண்ணீரைப் பார்த்து ஓடும். 32 டிகிரித் தண்ணீர் 19 லிட்டரை 4-க்கு இறக்குவது இந்தச் சின்ன கம்ப்ரஸருக்குப் பெரிய வேலை. ஓர் இரவும் ஒரு பகலும் கொடுங்கள். அவசரம் என்றால் பெரியப்பா வழிதான், முதலிலேயே ஐஸில் குளிர வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை நான் ஆர்.ஓ. தண்ணீர்தான். எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்பு. காவிரித் தண்ணீர் வரும் நாளில் ருசி நன்றாக இருக்கும், ஆனால் குளோரின் வாடை சோடாவில் தூக்கலாகத் தெரியும்.

இனி சிலிண்டர். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கேஸ் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உணவுக்கானது என்று சொல்லி வாங்க வேண்டும். தீயணைப்பான் சிலிண்டரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதற்குள் அடிவரைக்கும் ஒரு குழாய் இறங்கியிருக்கும், திறந்தால் கேஸுக்குப் பதில் திரவம் வந்து, அழுத்தத்தைக் குறைத்து அளவாக விடும் ரெகுலேட்டரைப் பதம் பார்க்கும். சாதாரண சிலிண்டரையும் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும்.

எங்கள் வெயில் இதிலும் ஒரு கை பார்க்கிறது. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி வரைக்கும்தான் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அதைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது, சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே சிலிண்டரை வைப்பது ஆபத்து. அளவுக்கு மேல் நிரப்பித் தரச்சொல்லிக் கடைக்காரரைக் கெஞ்சுவதும் ஆபத்து. வடக்குச் சுவர் ஓரம், தரைத்தளம், ஜன்னல் திறந்த அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது, எடை போட்டுத்தான் தெரியும். ஒரு கெக் சோடாவை ஏற்றி முழுவதும் இறக்க, கசிவு இல்லாவிட்டால், கால் கிலோ கேஸ் போதும்.

கெக்கை நிரப்பும்போது மேலே நாலு விரல் இடம் விடுங்கள். மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் உணவுத்தர சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, மூடி, கேஸைக் கொடுத்து, மூடியில் இருக்கும் சேஃப்டி வளையத்தை மூன்று நாலு தடவை இழுத்து விடுங்கள். உள்ளே இருக்கும் சாதாரணக் காற்று வெளியேற வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் மீட்டர் 30 காட்டும், அதில் ஒரு பகுதி வெறும் காற்றாக இருக்கும், சோடா சப்பென்று இருக்கும். பிறகு எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தொட்டு குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

30-இல் வைத்து அப்படியே விட்டால் ஒரு வாரத்தில், பத்து நாளில் தானாக ஏறிவிடும். விசேஷத்துக்கு நாளை வேண்டும் என்றால் கெக்கைத் தரையில் ஒரு சாக்கின் மேல் படுக்கப் போட்டு, கேஸ் இணைப்பு மேலே இருக்கும்படி வைத்து, காலால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ரெகுலேட்டருக்குள் கேஸ் இறங்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். குளிர்ந்த தண்ணீர் கேஸைக் குடிப்பதைக் காதால் கேட்கலாம். உருட்ட உருட்ட அந்தச் சத்தம் மெலிந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். நின்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம். நிமிர்த்தி இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் நிற்க விட்டு அப்புறம் திறக்கலாம். சூடாக இருக்கும் கெக்கை உருட்டினால் இந்தச் சத்தம் சீக்கிரமே நின்றுவிடும், நம்பிவிடாதீர்கள்.

இறக்குவதில்தான் பீர்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம். அவர்கள் 12-இல் இறக்குவார்கள், 5 மில்லிமீட்டர் உள்வாய் உள்ள ஹோஸ் 10 அடி போதும். நமக்கு 30. அதே 10 அடி வைத்தால் சோடா சீறிக்கொண்டு வந்து டம்ளரில் அடித்து, பாதிக் கேஸ் அங்கேயே போய்விடும். அழுத்தத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் 5-க்கு இறக்குகிறார்கள். குறைத்ததும் கரைந்திருந்த கேஸ் கெக்குக்குள்ளேயே பிரிய ஆரம்பிக்கும், ஹோஸில் குமிழ் குமிழாக ஓடும், கெக் பாதி தீர்வதற்குள் வெறும் குளிர்ந்த தண்ணீர்தான் வரும். ஏற்றிய அழுத்தத்திலேயே இறக்குங்கள், ஹோஸை நீளமாக்குங்கள். நான் 25 அடி சுருட்டிக் கெக்கின் தலையிலேயே வைத்திருக்கிறேன். அந்த நீளமே வேகத்தைத் தின்றுவிடும். சுருள் முழுவதும் ஃப்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும், வெளியே தொங்கும் ஒரு முழம் ஹோஸ் முதல் டம்ளரைக் கெடுத்துவிடும். குழாயைப் பாதி திறக்காதீர்கள், முழுசாகத் திறங்கள். டம்ளரும் குளிர்ந்திருக்கட்டும்.

பன்னீர், நன்னாரி எதையும் கெக்குக்குள் ஊற்றுவதில்லை. பன்னீர் வாசம் ரப்பர் வளையத்தில் ஒருமுறை ஏறினால் போகாது, அடுத்த கெக் எலுமிச்சை சோடாவிலும் ரோஜா மணக்கும். கெக்கில் வெறும் சோடா, பாகு டம்ளரில். நன்னாரிக்கு நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை உருவிப் போட்டுவிட்டு, மேல்தோலை மட்டும் இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்துப் பாகு காய்ச்சுகிறோம். நல்ல மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். தூள் கிடந்தால் ஒவ்வொரு துகளிலும் கேஸ் பிடித்துக்கொண்டு மேலே வரும்.

அம்மாவுக்கு எலுமிச்சை உப்பு சோடா மட்டும்தான். சோடா ஊற்றிய பிறகு உப்பைப் போட்டால் பொங்கி வழிந்து அத்தனை கேஸும் போய்விடும். அதனால் டம்ளரில் சாறு பிழிந்து, உப்பைப் போட்டு, கரண்டியால் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் குழாய்க்கு அடியில் சாய்த்துப் பிடிப்பார். ஓரமாக இறங்க விடுவார், கலக்கமாட்டார். "நீ இன்னா மீட்டர் வெச்சாலும், உப்பு கரையாம ஊத்துனா எல்லாம் போச்சு" என்பார். சரியாகத்தான் சொல்கிறார். புதிதாகக் கெக் போடுகிறவர்களுக்கு நான் இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன்.