மழை வரட்டும், அப்புறம் கடைசிக் காசு: கொட்டகலையில் வீடு கட்டிய அனுபவம்

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசித் தவணைக் காசை மேசன் பாஸ் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தென்மேற்கு மழை போகட்டும். மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் நம் பக்கம் விடாத மழை, வெயில் காலத்தில் ஒளிந்திருக்கிற பழுது எல்லாம் அதில் வெளியே வந்துவிடும். நாங்கள் மொத்தக் கூலியில் 10 வீதத்தைப் பிடித்து வைத்திருந்தோம். அது மட்டும் கையில் இல்லாவிட்டால் கீழே எழுதப்போகிற எதுவுமே நடந்திருக்காது.

எங்களுடையது 10 பேர்ச்சஸ் காணி, மலையை வெட்டித் தட்டாக்கிய இடம். வங்கிக் கடன், என் ஆசிரியர் சம்பளம், கொழும்பில் வேலை செய்யும் வீட்டுக்காரர் அனுப்பியது, எல்லாம் சேர்த்துக் கட்டினோம். சாமான் எங்களுடையது, பாஸுக்குச் சதுர அடிக் கணக்கில் வேலைக்கூலி மட்டும். பாஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அப்பாவுக்குப் பல வருசப் பழக்கம். தெரிந்த மனுசரிடம் போய் எழுதி வாங்குவதா என்று வீட்டில் எல்லாருக்கும் சங்கடம். நான் விடவில்லை. என்ன வேலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, 10 வீதம் மழைக்காலம் முடிந்த பிறகு, அதற்குள் வருகிற வேலைப் பழுதுகளைக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் மாதிரி ஒப்பந்தங்களில் பெரிய கொந்தராத்துக்காரர்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான் இருக்கிறது, அதைச் சுருக்கித் தமிழில் எழுதியதோடு என் கெட்டித்தனம் முடிந்தது. பாஸ் வாசித்துவிட்டு, "டீச்சர் பரீட்சைப் பேப்பர் மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வங்கியிலிருந்து ஒருவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்தாரே, பிரதேச சபையிலிருந்தும் வந்தார்களே, அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லையா என்று கேட்பீர்கள். வங்கிக்காரர் பார்ப்பது கதவு, சன்னலுக்கு மேல் போடுகிற லிண்டல் மட்டம் வந்துவிட்டதா, கூரை ஏறிவிட்டதா, அடுத்த தவணையை விடலாமா என்பதை. சபை பார்ப்பது அங்கீகரித்த பிளான்படி கட்டிடம் நிற்கிறதா என்பதை. டைலுக்கு அடியில் சீமெந்து இருக்கிறதா என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள், அது நம் தலையில்தான்.

கட்டும்போதே ஒரு சண்டை வந்தது, சிலாப்புக்குக் கொடுத்த முட்டுக்காக. தண்ணீர் டாங்கி வைக்கச் சமையலறைக்கு மேல் போட்ட சின்னச் சிலாப்தான். மார்கழிக் குளிரில் போட்டது. 10 நாள் ஆனதும் முட்டுக் கம்புகளைக் கழற்றி வேறொரு சைட்டுக்குக் கொண்டுபோக லொறியோடு ஆள் வந்து நிற்கிறது. குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், கீழ்நாட்டு வெயிலில் 14 நாள் போதும் என்றால் இங்கே 21 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார், ஓய்வு பெற்றவர், இந்தக் கதையில் இன்னும் வருவார். லொறியைத் திருப்பி அனுப்பினேன். கொங்கிரீட் காயாமல் இறுகத் தண்ணீர் கட்டுவதற்கும் இதே கதைதான். "பனிதான் கொட்டுதே டீச்சர், தண்ணி எதுக்கு?" என்றார் பாஸ். பனி மேலே பூசினது போல இருக்கும், பத்து மணிக்கு வெயிலும் காற்றும் வந்தால் அந்த ஈரம் போன இடம் தெரியாது. அப்பா பழைய சாக்குகளை விரித்து ஒரு வாரம் காலையும் மாலையும் நனைத்தார். அந்தச் சிலாப்பில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

மழை பிடித்த பிறகு பின்னறைச் சுவர் தன் வேலையைக் காட்டியது. முதலில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு, அப்புறம் அதற்கு மேலே உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி, பிறகு பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, விரலை வைத்தால் உள்ளே மாவாக உதிர்ந்தது. பாஸைக் கூப்பிட்டேன், மறுப்பு சொல்லாமல் வந்தார். வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்கிறார்: "ஒண்ணும் இல்லண்ணே, வீட்டுக்குள்ள இருக்கிற மூச்சு ஈரம். சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க, வோட்டர்புரூப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா சரியாயிரும்." சம்பளம் எண்ணிக் கொடுத்தது நான், ஒப்பந்தம் எழுதியது நான், பதில் மட்டும் அப்பாவுக்கு. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். பெயின்ட் அடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே பூசினால் அது ஒரு வருசத்துக்கு மறைந்திருக்கும், அதற்குள் நம் 10 வீதமும் கைமாறிப் போயிருக்கும்.

உள்ளே இருக்கும் ஈரமா வெளியே இருந்து வருவதா என்று பார்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. சுவரின் ஒரு துண்டை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஓர் அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அறைப் பக்கம் நீர் முத்து நின்றால் அது நம் மூச்சும் சமையல் ஆவியும். பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நின்றால் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. எங்களுக்குப் பின்னால்தான் நின்றது, விளிம்பில் ஓடி வடிகிற அளவுக்கு.

அந்த ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் வந்து, சுவரை இரண்டாம் முறை பார்க்கக்கூட இல்லை, நேரே வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். மண்வெட்டி கேட்டு வாங்கி, சுவரை ஒட்டித் தோண்டச் சொன்னார். அத்திவாரத்துக்கு மேல் தார் பூசிய ஈரத்தடுப்புப் படை இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளியபோது அந்தப் படைக்கும் ஓர் அடி மேலே வரைக்கும் நிரப்பியிருந்தார்கள், ஆகவே தண்ணீர் அதைத் தாண்டி நேரே புளொக் கல்லுக்குள் போகிறது. தண்ணீர் ஓடுகிற கான் (வாய்க்கால்) இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த புளொக்கும் சீமெந்துப் பேப்பரும். மலைப் பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குக் குழாய் வைத்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. "வீட்டுச் சுவர் ஈரமானா பெயின்ட் போகும். இந்தச் சுவருக்குப் பின்னால தண்ணி நின்னா சுவரே போகும்" என்றார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைப் பார்த்த பிறகு, நம் ஆட்கள் யாருக்கும் இந்தப் பேச்சை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு தாள் கைகொடுத்தது. மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எடுக்க வேண்டும் என்பது தெரியும்தானே, எல்லாரும் அதை எடுத்து சபைக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தால் பின்பக்கம் கான், தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் எல்லாம் நிபந்தனையாகவே இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை வேலை தொடங்கும்போதே பாஸிடம் கொடுத்திருந்தேன். இப்போது காட்டினால், "மண் தள்ளினது பெக்கோக்காரன், அது என் கணக்கில்ல" என்கிறார். தடுப்புச் சுவரைக் கட்டியது யார் என்று கேட்டேன். அதற்கு போன் வந்துவிட்டது, வெளியே போய்ப் பேசினார், அப்படியே போய்விட்டார்.

அதற்குள் குளியலறையும் சேர்ந்துகொண்டது. வாளியில் தண்ணீர் ஊற்றினால் துளைக்குப் போகாமல் கதவடிக்கு வந்து நிற்கிறது. டைலையும் பார்த்துவிடலாம் என்று ஐந்து ரூபாய்க் குற்றியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், உள்ளே நிறைந்திருந்தால் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும், வெறுமையாக இருந்தால் வெறும் பானையைத் தட்டியது போல 'டிங்' என்று வரும். டிங் வந்த இடத்தில் எல்லாம் சோக்கால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், முடிந்தபோது பாதித் தரைக்கு மேல் கோடு. ஒன்றைக் கிளப்பிப் பார்த்தால் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டைச் சீமெந்து, மற்றதெல்லாம் காற்று. கனமான எதையாவது போட்டால் உடைவது மட்டும் இல்லை, அந்தக் காற்று இடத்தில் எல்லாம் தண்ணீர் தேங்கி அடுத்த அறைச் சுவருக்குப் போகும்.

பாஸ் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். தலவாக்கலையில் வேலை என்று ஆட்கள் சொன்னார்கள். படங்களைத் திகதியோடு அச்செடுத்து, ஒவ்வொரு பழுதையும் இடம் சொல்லி எழுதி, இத்தனையாம் திகதிக்குள் வந்து திருத்தாவிட்டால் வேறு ஆளை வைத்துத் திருத்தி 10 வீதத்தில் கழித்துக்கொள்வேன் என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதியிருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார். பதில் வரவில்லை. அப்புறம் மத்தியஸ்த சபைக்கு எழுதினேன்.

மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, நம் ஆட்கள் வேலிச் சண்டைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். சட்டத்தரணி வந்து நமக்காகப் பேச முடியாது, நாமே பேச வேண்டும். இரண்டு பக்கமும் சபையின் பட்டியலிலிருந்து ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைச் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடுவதால் லீவு போடவும் தேவையில்லை. அவர்கள் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்கித் தருவார்கள், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதற்கப்புறம் நீதிமன்றம்.

பாஸ் அங்கே எடுத்த எடுப்பில் சொன்னது, "சாமான் அவங்க சாமான். மணல் சரியில்ல, மண் கலந்த மணல், அதான் சுவரு ஈரம் இழுக்குது." இது வரும் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். மிச்சமாகக் கிடந்த மணலைக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்குப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணலுக்கு மேலே வண்டல் தனிப் படையாக நிற்கும். மணலின் உயரத்தில் அந்தப் படை 8 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. காலையிலேயே குலுக்கிப் பையில் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போன போத்தலை மேசையில் வைத்தேன், வண்டல் ஒரு நூல் கனம்தான். மத்தியஸ்தர்களில் ஒருவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பாஸ், ஐந்து உருண்டையில டைல் ஒட்டினதுக்கும் மணலா காரணம்?" என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். ஒரே நேரத்தில் மூன்று சைட்டில் கைநீட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆட்களைப் பங்கு போட்டு ஓடுகிறவர்தான் அவர், வேலை தெரியாதவர் இல்லை.

இணக்கம் இப்படி எழுதப்பட்டது: குளியலறைத் தரையைக் கிளப்பித் துளைப் பக்கம் சரிவு வைத்து அவர் திரும்பப் போடுவார், கூலி இல்லை, உடைகிற டைல் செலவு பாதிப் பாதி. பின்பக்கக் கானையும் தடுப்புச் சுவர்த் துளைகளையும் நான் வேறு ஆளை வைத்துச் செய்து, கூலியை 10 வீதத்தில் கழிக்கலாம். கான் வேலையை நான்தான் அவரிடமிருந்து பிரித்துக் கேட்டேன், மண் வேலைக்கு அவருக்குப் பொறுமை போதாது.

திருத்தம் நடந்த வரிசையும் முக்கியம். முதலில் மண்ணை ஈரத்தடுப்புப் படைக்குக் கீழே அரை அடி இறக்கினோம், கல் நிரப்பி துளையிட்ட குழாய் வைத்துக் கான் போட்டோம், தடுப்புச் சுவரில் துளை போட்டுக் குழாய் சொருகி அதன் வாய்க்குப் பின்னால் சல்லி அடைத்தோம். முதல் துளை போட்ட உடனே சேற்றுத் தண்ணீர் வேலையாள் நெஞ்சில் பீய்ச்சி அடித்தது, அவ்வளவு தேங்கியிருந்தது. உள்சுவரை உடனே தொடவில்லை. உப்பு ஏறிய பூச்சைச் செதுக்கிவிட்டு மாசி வெயில் முடியும்வரை வெறும் கல்லாகவே காயவிட்டு, அதற்கப்புறம்தான் புதுப் பூச்சு, பெயின்ட். அறை அசிங்கமாகக் கிடந்தது, வந்தவர்கள் எல்லாம் விசாரித்தார்கள், பரவாயில்லை.

அடுத்த ஜூலையில் மறுபடி பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன், பின்னால் காய்ந்திருந்தது. மிச்சக் காசைக் கணக்கு எழுதிய தாளோடு பாஸிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இந்த முறை அப்பாவைப் பார்க்காமல் என்னிடமே, "வேற கணக்கு ஏதும் இருக்குங்களா டீச்சர்?" என்றார். குளியலறையில் கதவு மூலை டைல் ஒன்று இன்னும் டிங் என்றுதான் சொல்கிறது, அதை விட்டுவிட்டேன். எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் இப்போது அவரையே வைத்து வீடு தொடங்கியிருக்கிறார். ஒப்பந்தத் தாளின் பிரதி கேட்டார், கொடுத்தேன், 'தடுப்புச் சுவரில் நீர்த் துளை' என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்து.