மலையேறும்போது மட்டும் ஒரு டிக் டிக்

முதல் நான்கு கொண்டை ஊசி வளைவுகள் வரை வண்டி சமர்த்தாகத்தான் வந்தது. ஐந்தாவதைத் தாண்டி ஏறும்போதுதான் அந்தச் சத்தம். 'டிக் டிக் டிக்' என்று, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அதுவும் வேகமெடுத்தது. ஆறாவது வளைவு திரும்பியதும் காணோம். அப்பாடா என்று நினைப்பதற்குள் ஏழாவது வந்தது, சத்தமும் வந்தது. எட்டில் இல்லை.

"ஏங்க, யாரோ தையல் மிஷின் ஓட்டுற மாதிரி இல்ல?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி. ஆக, என் காதுக்கு மட்டும் கேட்ட பிரமை இல்லை.

வண்டிக்கு 19 வயது. 150 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், கார்புரேட்டர். இந்த வயதில் ஒரு வண்டி சத்தமே போடாமல் ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். செயின் உறையின் லொடலொடப்பு, மூன்றாவது கியரில் வரும் ஒரு முனகல் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. அதுவும் வீட்டிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி, பாதி மலையில்.

ஓட்டிக்கொண்டே பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்தேன். ஏற்றத்தில் பெரிய கியரில் இழுத்தால் சில சமயம் பெட்ரோல் எரிய வேண்டிய விதத்தில் எரியாமல் வெடிக்கும். கண்ணாடிக் குப்பிக்குள் கோலிக்குண்டைக் குலுக்கியதுபோல் கிணிகிணி என்று கேட்கும். ஒரு கியர் குறைத்தால் போய்விடும். குறைத்தேன், போகவில்லை. கிளட்சைப் பிடித்தேன். கிளட்ச் கூடையோ கியர்பாக்ஸ் பேரிங்கோ சத்தம் போட்டால் லிவரைப் பிடித்ததும் மாறும் அல்லது அடங்கும். இது இரண்டும் செய்யவில்லை. என்ஜின் வேகத்தோடு ஓடுகிறது, சக்கரத்தின் வேகத்தோடு இல்லை. அதனால் செயினும் வீல் பேரிங்கும் கணக்கிலிருந்து போயின.

அகலமான ஓர் இடம் பார்த்து நிறுத்தினேன். அப்போதுதான் உறைத்தது: ஒரு வளைவு விட்டு ஒரு வளைவில் மட்டும் ஏன்? கொண்டை ஊசியில் ஏறும்போது பாறை ஒரு தடவை இடது பக்கம் உரசுகிறாற்போல் வரும், திரும்பியதும் எதிர்ப்பக்கம் போய்விடும், நம் பக்கம் பள்ளம். சத்தம் வந்தும் போய்க்கொண்டும் இருக்கவில்லை. விடாமல்தான் இருந்திருக்கிறது. பாறை அதைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. அப்படியானால் சமவெளியில் எத்தனை கிலோமீட்டராக இதோடு ஓட்டிக்கொண்டிருந்தேன்? அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

முதலில் ஆயில். வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் விட்டு, குச்சியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், சரியாக இருந்தது. ஆயில் குறைந்தால் முதலில் அலறுவது, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டும் ராக்கரும்தான். அதனால் வேறெதையும் தொடுவதற்கு முன் அந்தக் குச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் தாளம். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் வினாடிக்கு 50 தடவை சுழல்கிறது, வால்வு ஒவ்வொன்றும் 25 தடவை திறக்கிறது. இதைக் காதால் எண்ண முடியாது. ஆனால் ஒற்றை சிலிண்டரில் ஒரு வசதி உண்டு. சைலன்சரின் 'டப்'பும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். ஸ்லோ ஸ்பீடை நன்றாகக் குறைத்து வைத்துக் கேட்டால், ஒரு டப்புக்கு ஒரு டிக் என்றால் வால்வுப் பக்கத்துச் சத்தம். இரண்டு டிக் என்றால் கிராங்க் பக்கம்.

குறைத்து வைத்துக் கேட்டேன். டப், டிக். டப், டிக். ஒன்றுக்கு ஒன்று.

"டேப்பட்தான்" என்றேன், டாக்டர் மாதிரி. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி கூடிவிட்டால் அங்கே டிக் டிக் என்று தட்டும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அது மறுநாள்தான் தெரிந்தது.

சந்தேகத்தை உறுதி செய்ய நீளத் திருப்புளியை எடுத்தேன். நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் அது ஸ்டெதாஸ்கோப். உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் நடப்பதுபோல் கேட்கும். (சுழலும் எதன் பக்கத்திலும் நுனியைக் கொண்டுபோகாதீர்கள். கழுத்தில் துண்டோ துப்பட்டாவோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.) கீழே கிராங்க்கேஸில் வைத்தேன், சீரான 'ர்ர்ர்', அவ்வளவுதான். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை தேய்ந்திருந்தால் இந்த இடத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல் 'டொக் டொக்' கேட்டிருக்கும். அது கேட்டிருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. வண்டியை லாரியில்தான் ஏற்றியிருப்பேன். டைமிங் செயின் பக்கம் வைத்தேன், லேசான சலசலப்பு. தலைப்பகுதியில் டேப்பட் மூடி மேல் வைத்தபோது டிக் கேட்டது. ஆனால் வெளியே கேட்கிற அளவுக்குக்கூட உள்ளே இல்லை. இது விசித்திரம். உள்ளேயிருந்து வரும் சத்தம் திருப்புளியில் பெரிதாகத்தான் கேட்க வேண்டும். அதை அப்போதே மதித்திருக்கலாம். முடிவு கட்டிய மனசு அதை மதிக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தான சத்தம் இல்லை என்று தெரிந்ததால் மெதுவாக ஏறி, இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தோம். டேப்பட்டை என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். ஆகவே இரவு முழுக்க வண்டி தூங்கியது. நான் தூங்கவில்லை.

காலையில் பிளக்கைக் கழற்றி, பக்கவாட்டு மூடிகளைத் திறந்து, கிராங்க்கை ஸ்பேனரால் மெல்லச் சுற்றினேன். ஃப்ளைவீலில் 'T' என்ற ஆங்கில எழுத்து பொறித்த கோடு ஜன்னலுக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இரண்டு தடவை வரும். இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடுகிற தடவைதான் கம்ப்ரெஷன் உச்சி. இன்னொன்றில் வைத்து அளந்தால் எல்லாம் தப்பு. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தேன். என் வண்டிக்கு இன்டேக் வால்வில் 0.08, புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வில் 0.10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இன்டேக் சரி. எக்ஸாஸ்டில் 0.15 தகடு வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா?" என்றேன்.

லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை இழுத்தால் பழைய புத்தகத்திலிருந்து தாளை உருவுவதுபோல் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு வைத்து இறுக்கினேன். சத்தத்துக்குப் பயந்து இதைவிட இறுக்கக்கூடாது. சூடான வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் உட்கார்ந்துதான் இறக்கிவைக்கிறது. இடைவெளியே இல்லாமல் முறுக்கிவிட்டால் அது முழுதாக மூடாது, கருகிப்போகும். டிக் டிக் என்று கொஞ்சம் பேசுகிற டேப்பட்டால் ஒன்றும் ஆகாது. வாயே திறக்காத டேப்பட்தான் செலவு வைக்கும்.

எல்லாவற்றையும் மாட்டி, உதைத்தேன்.

டிக் டிக் டிக் டிக். நேற்றைவிடப் பலமாக.

இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். ஆறிய என்ஜினில் பலமாகவும் சூடேறச் சூடேறக் குறைவாகவும் கேட்டால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுகிறது என்பது பால பாடம். பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அப்படியென்றால் சிலிண்டரைக் கடைந்து எடுக்கும் 'போர்' வேலை. ஆனால் நேற்று முழுச் சூட்டில், ஏற்றத்தில்தானே பலமாகக் கேட்டது? பிஸ்டன் தட்டினால் அப்போது அடங்கியல்லவா இருந்திருக்க வேண்டும்? இரண்டு நாளின் சாட்சியும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றது. மறுபடி திருப்புளியை எடுத்து இடது பக்கம் குந்தி ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். என்ஜின் இன்னும் கொதிக்கவில்லை. ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, "இங்க என்னமோ ஊதுதுங்க" என்றாள்.

"எங்க?"

"இந்த பைப் உள்ள போற எடத்துல. புஸ் புஸ்னு கையில படுது."

சைலன்சரின் பெண்ட் பைப் சிலிண்டர் தலையில் சேரும் இடம். ஓட்டை அங்கேதான், வண்டியிலும் என் கணக்கிலும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வருவது வால்வு மட்டும் இல்லை. புகையும் அப்படித்தான் வருகிறது. இணைப்பில் கசிந்தால் ஒவ்வொரு டப்போடும் ஒரு டிக் வெளியே தெறிக்கும், டேப்பட்டின் தாளத்திலேயே. குளிர்ந்திருக்கும்போது இடுக்கு பெரிது, சத்தமும் பெரிது. பைப் சூடாகி விரிந்தால் அடைபட்டுக் குறையும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் அழுத்தம் கூடி மறுபடி பீறிடும். முரணாக நின்ற இரண்டு சாட்சியும் கைகோத்துக்கொண்டன. திருப்புளியில் பெரிதாகக் கேட்காததும் அதனால்தான். அது உலோகத்தின் வழியே வந்த சத்தமே இல்லை, காற்றில் பிறந்தது.

டூல் பையில் ஓர் அடி ரப்பர் டியூப் கிடந்தது. ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை இணைப்பைச் சுற்றி நகர்த்தினேன். வலது நட்டுக்குக் கீழே வந்ததும் காதில் சாட்டை சொடுக்கியதுபோல் 'டிச் டிச்'. போதாதென்று, கையுறை போட்டு, தடித்த ஈரத் துணியால் சைலன்சரின் பின் வாயை இரண்டு வினாடி அமுக்கச் சொன்னேன். போக வழியில்லாத புகை முன்னால் திரும்பி வந்தது, சத்தம் இரண்டு மடங்கு. என்ஜினை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளை அலுமினியத்தில் மை தடவியதுபோல் ஒரு கரிக்கோடு. நேற்றே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. நான் காதை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டபோது கேட்ட 'பட் பட்' வெடிப்பையும் கார்புரேட்டர் தலையில் கட்டியிருந்தேன்.

நன்றாக ஆறவிட்டு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டேன். இடது நட்டு அரைச் சுற்று, வலது ஒன்றேகால் சுற்று. ஒன்றை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய ஸ்டட் முறிந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இருக்கும் செம்பு கேஸ்கட் வளையம் நசுங்கித்தான் போயிருக்கும், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, நட்டு ஏன் தளர்ந்தது? சைலன்சரைப் பின்னால் பிடித்து ஆட்டினேன். நாயின் வாலைப்போல் ஆடியது. பின் போல்ட் விரலால் திருகும் அளவுக்கு லூஸ். பின்னால் பிடிப்பு இல்லாத அத்தனை எடையும் முன் இணைப்பில் தொங்கிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி நட்டைக் கழற்றியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் பின்சக்கரத்தை எடுப்பதற்காக அந்த போல்ட்டைக் கழற்றிய மெக்கானிக் யார் என்று மனைவி கேட்டாள். நான்தான்.

இறங்கும்போது ஒவ்வொரு பாறை வெட்டிலும் வேகத்தைக் குறைத்துக் காது கொடுத்தேன். டப் டப் டப் மட்டும். பத்தாவது வளைவில் திடீரென்று பின்னாலிருந்து ஒரு 'டொக்'. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு 'டொக்'. கிராங்க்கா? நெஞ்சு அடைக்க ஓரமாக நிறுத்தினேன். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது 'டொக்' என் ஹெல்மெட்டின் பின்பக்கம் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், மனைவி என் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.