ஹேமர் கோரல் ஏன் விரிய மாட்டேன் என்கிறது?

பவளம் ஒன்று வாடினால் உடனே எதையாவது ஊற்றத் தோன்றும், முதலில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். எங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் கிளைவிட்ட ஹேமர் கோரல் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட பவளம்) சில நாட்களாகச் சுருங்கியே கிடந்தது. பக்கத்திலிருந்த ஜோவாந்தஸ் என்ற இன்னொரு பவள வகை ஜம்மென்று விரிந்திருந்ததால் தண்ணீர் மொத்தமாகக் கெட்டுவிடவில்லை என்று தோன்றியது. உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி, சரி. (உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசலை வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.)

காரத்தன்மையில்தான் சிக்கல். காலையில் 7.4 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), காரக் கரைசலை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் ஓடி முடித்த பிறகு மாலையில் 9. சுண்ணாம்புக் கூடு கட்டும் பவளங்களுக்கு அந்த எண் 8-ஆ 9-ஆ என்பதைவிட, ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே வேளையில் போகும் கரைசலை நாள் முழுவதும் சிறுசிறு அளவாகப் பிரித்துவிட்டேன்.

அப்புறம் நீரோட்டம். நேராக அடித்தால் கூட்டின் கூர்விளிம்பில் சதை உரசிக் கிழியும். நுனிகள் மெல்ல அசைய வேண்டும், ஒரு பக்கமாய் மடிந்து கிடக்கக் கூடாது. நீரோட்டம் தரும் பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். சத்தும் ஒரு காரணமாகலாம்: தண்ணீரில் நைட்ரேட் பூஜ்ஜியம் என்று பெருமைப்படுகிறவர்களே, அதுவும் பவளத்தைப் பட்டினி போடுவதுதான்.

இப்போது முக்கால்வாசி விரிகிறது. பழுப்புக் கூழ் மாதிரி ஏதாவது வழிந்தால் மட்டும் காத்திருக்காமல் அந்தத் தலையை (கிளை நுனியிலுள்ள சதைப்பகுதியை) கிளையோடு வெட்டிப் பிரித்துவிடுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.