அம்மாவின் மஞ்சள் பாலும் தம்பியின் பரிசோதனையும்

காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் வஞ்சிரத்துக்கு உப்பும் மஞ்சளும் தடவிய பிறகு, எத்தனை முறை கழுவினாலும் அம்மாவின் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும். அந்தக் கையால்தான் தம்பிக்கு இரவுதோறும் மஞ்சள் பால் கலக்கிக் கொடுத்து வந்தார். அந்தப் பாலை நம்பி அவன் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அவனுக்கு இருப்பது அப்பாவிடமிருந்து வந்த குடல் பாலிப் நோய். ஏபிசி என்ற மரபணு பழுதாவதால் பெருங்குடலின் உட்சுவரில் பாலிப்கள் என்னும் சிறு சதை வளர்ச்சிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. குடலை உரிய காலத்தில் அகற்றாவிட்டால், நாற்பது வயதையொட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் அது புற்றுநோயாகிவிடுகிறது. அப்பா 41 வயதில் போனார். தம்பிக்குப் பெருங்குடலை எடுத்தாகிவிட்டது. மிஞ்சியிருக்கும் மலக்குடலைத்தான் ஆண்டுதோறும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். சென்ற முறை திரையில் நானும் பார்த்தேன்: ஈரமான இளஞ்சிவப்புச் சுவரில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் இருந்தது.

அம்மாவின் நம்பிக்கை ஆதாரமே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், தம்பியைப் போலவே குடல் அகற்றப்பட்ட 5 பேருக்கு, மஞ்சளிலுள்ள குர்குமினையும் வெங்காயத்திலுள்ள குவர்செடினையும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்தார்கள். பாலிப்களின் எண்ணிக்கை சராசரியாக 60 விழுக்காடும், அளவு 50 விழுக்காடும் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்கள் அதில் யாரும் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்து, அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 44 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தினமும் 3000 மில்லிகிராம் குர்குமின், மற்றப் பிரிவுக்கு வெறும் மாத்திரை. எண்ணிக்கையிலும் சரி, அளவிலும் சரி, இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தங்கள் பழைய நம்பிக்கையைத் தாங்களே சோதித்து, பலிக்கவில்லை என்று வெளியிட்டவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அந்த 3000 மில்லிகிராமை எட்ட நாள்தோறும் நூறு கிராம் தூள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடையில் வாங்கிய நூறு கிராம் பாக்கெட்டை அம்மாவின் கையில் வைத்தேன். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சரி, அவனைக் கூட்டிட்டுப் போ” என்றார்.

போன வியாழக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஆறு பாலிப்களை எடுத்தார்கள். பயாப்ஸி முடிவு இன்னும் வரவில்லை. அவன் மகளுக்கு ஆவணியில் பத்து வயது முடிகிறது. அவளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறோம்.